வழக்கில் வென்று மாவட்டத்தை இழந்த ஊர்

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் நாங்கள் குடியிருக்கும் சிற்றூரின் பள்ளி மாவட்டத்தைப் பக்கத்து மாவட்டத்தோடு இணைக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. இணைத்தால் செலவு குறையும், வரி குறையும், பிள்ளைகளுக்கு நல்ல பாடங்கள் கிடைக்கும் என்கிறார்கள். பணத்தில் பெரும்பகுதியை மாநில அரசே தருகிறதென்றால், முந்நூறு பிள்ளைகளுக்காகத் தனி மாவட்டம் எதற்கு? ஆதரித்து வாக்களிக்கலாமா?"

வாக்களிக்கும் முன் ஆர்கன்சா மாநிலத்தில் லேக் வியூ என்ற ஊருக்கு நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளிக்குப் போதிய பணம் வருகிறதா என்பது ஒரு கேள்வி. பள்ளி மாவட்டம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்வியைக் கேட்டு நீதிமன்றம் போன ஊருக்கு இரண்டாவது கேள்விக்கான விடையை மாநில அரசு கொண்டுவந்து கொடுத்த கதை அது. உங்கள் ஊரிலும் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் பேசுகிறார்கள் என்பது உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது.

இங்கிருந்து படிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். அமெரிக்காவில் 'பள்ளி மாவட்டம்' என்பது மதுரை மாவட்டம், திருநெல்வேலி மாவட்டம் என்று நாம் சொல்லும் பொருளில் வருவதில்லை. அது பள்ளிக்கூடங்களுக்கென்றே அமைந்த ஓர் உள்ளாட்சி அமைப்பு. ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் அதை நடத்துகிறது. வாரியம் மாவட்டத்தின் தலைமை நிர்வாகியாக ஒரு கண்காணிப்பாளரை வேலைக்கு அமர்த்துகிறது, ஆசிரியர்களை நியமிக்கிறது, சொத்து வரியிலிருந்து பணம் பெறுகிறது. சில மாவட்டங்களில் ஒரே ஒரு தொடக்கப் பள்ளியும் ஓர் உயர்நிலைப் பள்ளியும்தான் இருக்கும். 1939-40 கல்வியாண்டில் நாடு முழுவதும் 1,17,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருந்தன. இன்று ஏறத்தாழ 13,000 இருக்கின்றன. ஆகவே இணைப்பு என்பது புதிய யோசனை எதுவும் இல்லை. ஒற்றை அறைப் பள்ளிகளை மூடி, பேருந்து விட்டு, பெரிய பள்ளிகளைக் கட்டிய அந்த வேலை பெரும்பாலும் 1970-க்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் மிஞ்சி நிற்கும் சிறிய மாவட்டங்களைப் பற்றித்தான் இப்போதைய சண்டை.

பணம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஆர்கன்சாவையே எடுத்துக்கொள்கிறேன், அங்கே சில ஆண்டுகள் வசித்தவன் என்பதால் அந்தக் கணக்கு எனக்குக் கைப்பழக்கம். அங்கே சொத்தின் சந்தை மதிப்பில் 20 சதவீதத்தை மட்டுமே வரிக்குரிய மதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மதிப்பில் ஒவ்வோர் ஆயிரம் டாலருக்கும் ஒரு டாலர் வரி என்றால் அதற்கு ஒரு 'மில்' என்று பெயர். 1996-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய, மாநில அரசியல் சாசனத்தின் 74-ஆவது திருத்தம், ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் பராமரிப்புக்கும் நடைமுறைச் செலவுக்கும் குறைந்தது 25 மில் வசூலிக்க வேண்டும் என்று சொல்கிறது. ஒரு லட்சம் டாலர் வீடு என்றால் வரிக்குரிய மதிப்பு 20,000. அதற்கு 25 மில், ஆக ஆண்டுக்கு 500 டாலர்.

இப்போது இரண்டு ஊர்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டிலும் 400 மாணவர்கள். முதல் ஊரில் ஒரு மின் நிலையமும் ஒரு தொழிற்சாலையும் இருக்கின்றன. மொத்த வரிக்குரிய மதிப்பு 6 கோடி டாலர். இரண்டாவது ஊரில் பழைய மரவீடுகளும் பருத்தி வயல்களும்தான். மதிப்பு 2 கோடி. ஒரே 25 மில் வரியில் முதல் ஊருக்கு 15 லட்சம் டாலர் வருகிறது, மாணவர் ஒருவருக்கு 3,750. இரண்டாவது ஊருக்கு 5 லட்சம், மாணவர் ஒருவருக்கு 1,250. இரண்டு ஊராரும் ஒரே விகிதத்தில்தான் வரி கட்டுகிறார்கள். பிள்ளைகளுக்குக் கிடைப்பதோ மூன்று மடங்கு வித்தியாசம். இந்தப் பள்ளத்தை நிரப்புவதுதான் மாநில அரசு தரும் நிதியின் வேலை. மாநிலம் 'ஒரு மாணவருக்கு இவ்வளவு' என்று ஓர் அடிப்படைத் தொகையை நிர்ணயித்து, உள்ளூர் வரியில் வந்தது போக மீதியைத் தர வேண்டும். அடிப்படைத் தொகை 5,400 என்றால் முதல் ஊருக்கு மாணவருக்கு 1,650, இரண்டாவது ஊருக்கு 4,150. கணக்கு எளிதுதான். அந்த அடிப்படைத் தொகை உண்மையிலேயே போதுமானதா, அதை யார் எப்படி முடிவு செய்தார்கள் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் மாநில அரசும் உள்ளூரும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பள்ளிச் செலவைச் சுமக்கின்றன. கூட்டாட்சி அரசின் பங்கு சிறியது. கூட்டாட்சி அரசு ஏன் தலையிடுவதில்லை என்று கேட்பீர்கள். டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவின் ஏழைப் பெற்றோர் தொடுத்த வழக்கில் 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், கல்வி என்பது கூட்டாட்சி அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை அல்ல என்று சொல்லிவிட்டது. அன்றோடு அந்தக் கதவு மூடிக்கொண்டது. அதன் பிறகு ஏழை மாவட்டங்கள் எல்லாம் தத்தம் மாநில நீதிமன்றங்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது, ஏனென்றால் மாநில அரசியல் சாசனங்களில் கல்வி பற்றிய வரிகள் இருக்கின்றன. 1874-ஆம் ஆண்டின் ஆர்கன்சா சாசனம், பொதுவான, பொருத்தமான, திறம்படச் செயல்படும் இலவசப் பொதுப் பள்ளி முறையை மாநிலம் என்றென்றும் பராமரிக்க வேண்டும் என்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் முப்பது ஆண்டுகளாக அங்கே வழக்கு நடந்திருக்கிறது.

1983-இல் ஆல்மா பள்ளி மாவட்டம் தொடர்ந்த வழக்கில், நிதி முறை சமமாக இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போது ஆளுநராக இருந்தவர் பில் கிளின்டன். அவர் சிறப்புக் கூட்டத்தொடர் கூட்டினார், விற்பனை வரியை 3 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார். ஹிலாரி கிளின்டன் தலைமையிலான குழு பள்ளிகளுக்கான தரங்களை வகுத்தது. கொஞ்சம் முன்னேற்றம் வந்தது. ஆனால் பள்ளம் தூரவில்லை.

லேக் வியூவுக்கு வருகிறேன். மிசிசிப்பி ஆற்றோரம், பிலிப்ஸ் கவுன்டியில் (கவுன்டி என்பது மாநிலத்துக்குள் இருக்கும் நிர்வாக வட்டாரம்) இருக்கும் சிற்றூர். பெருமந்தக் காலத்தில், 1930-களின் பிற்பகுதியில், நிலமற்ற கறுப்பின விவசாயக் குடும்பங்களுக்கு நிலமும் வீடும் தந்து குடியமர்த்த ரூஸ்வெல்ட் அரசு உருவாக்கிய குடியிருப்புகளில் ஒன்று அது. குத்தகைக் கூலிகளாக இருந்தவர்கள் சொந்த நிலம் பெற்ற ஊர். சொந்தப் பள்ளி வைத்துக்கொண்ட ஊர். பின்னர் பருத்தி எடுக்கும் இயந்திரம் வந்தது, வேலை போனது, மக்கள் வடக்கே போனார்கள். பிலிப்ஸ் கவுன்டியின் மக்கள்தொகை 1950-இல் 46,254. 2020-இல் 16,568. எந்தக் கண்காணிப்பாளரின் திறமையாலும் நிறுத்தியிருக்க முடியாத சரிவு இது. பின்னால் 'மாணவர் எண்ணிக்கை குறைவு' என்று அந்த ஊரைப் பற்றிச் சொல்லப்பட்டபோதெல்லாம் எனக்கு இந்த இரண்டு எண்களும்தான் நினைவுக்கு வந்தன.

1992-இல் இந்த லேக் வியூ மாவட்டம் மாநில அரசின் மீது வழக்குத் தொடுத்தது. 1994-இல் ஒரு தீர்ப்பு, பிறகு காலக்கெடு, பிறகு சட்டத் திருத்தம், பிறகு மீண்டும் விசாரணை என்று வழக்கு இழுத்துக்கொண்டே போனது. 2001-இல் நீதிபதி காலின்ஸ் கில்கோர் மாவட்டத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 2002 நவம்பர் 21 அன்று மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அந்தத் தீர்ப்பில் நிதிச் சூத்திரங்களுக்கு நடுவே ஒரு மனிதர் வருகிறார். பெயர் இல்லை. லேக் வியூவின் கணித ஆசிரியர். உயர்நிலைப் பள்ளியின் கணிதப் பாடங்கள் அத்தனையும் நடத்துபவர் அவர் ஒருவரே. ஆனால் சான்றிதழ் பெற்ற ஆசிரியர் அல்லர். மாற்று ஆசிரியர் என்ற கணக்கில் ஆண்டுக்கு 10,000 டாலர் சம்பளம். அது போதாமல் பள்ளிப் பேருந்து ஓட்டி இன்னொரு 5,000 சம்பாதிக்கிறார். திரிகோணமிதி வகுப்புக்குப் போதிய கால்குலேட்டர்கள் இல்லை. வட்டமிடக் காம்பஸ் இல்லை. ஒரே ஒரு கரும்பலகை. மின் இணைப்புப் புள்ளிகள் போதாது. கணினி இருக்கிறது, அதற்கு வேண்டிய பாகங்களும் மென்பொருளும் இல்லை. அச்சுப்பொறி இருக்கிறது, வேலை செய்யவில்லை. தாள் போதவில்லை. அந்தப் பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் போனவர்களில் அடிப்படைப் பாடங்களை மறுபடியும் படிக்க வேண்டியிருந்தவர்கள் 100 சதவீதம்.

காலையில் பேருந்து ஓட்டிப் பிள்ளைகளை ஏற்றி வந்து, இறங்கியதும் அதே பிள்ளைகளுக்கு ஒற்றைக் கரும்பலகையில் கணிதம் சொல்லிக்கொடுத்த அந்த மனிதரை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவரால் முடிந்ததை அவர் செய்தார். செய்ய வேண்டியதைச் செய்யாதது மாநிலம். நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது: பள்ளிகளுக்குப் போதுமான பணம் எவ்வளவு என்று மாநிலம் ஆராய்ந்து பார்த்ததே இல்லை, ஆராயாமல், கையில் மிஞ்சியதைக் கொடுத்திருக்கிறது, பொறுப்பு உள்ளூரின் மீது அல்ல, மாநிலத்தின் மீது. பள்ளி மாவட்டங்களை இணைத்தாக வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடவில்லை. இதை மட்டும் நன்றாகக் கவனியுங்கள்.

இணைப்பு வந்தது அரசியலிலிருந்து. ஆளுநர் மைக் ஹக்கபீ 2003 தொடக்கத்தில், 1,500 மாணவருக்குக் குறைவான மாவட்டங்களை இணைக்க வேண்டும் என்றார். மாநிலமே கொந்தளித்தது. ஒவ்வொரு சிற்றூரிலும் பள்ளியின் பெயரும், கூடைப்பந்து அணியின் பெயரும், வெள்ளிக்கிழமை இரவு ஆட்டமும் ஊரின் பெயரோடு பின்னிக்கிடந்தன. அவர் வாதத்தில் வலு இல்லை என்று சொல்ல மாட்டேன். புதிய பணம் கொட்டுமுன் ஓட்டைகளை அடைக்க வேண்டும், மிகச் சிறிய உயர்நிலைப் பள்ளியால் தேவையான பாடங்களை நடத்த முடியாது என்பது அவர் வாதம். ஆர்கன்சாவின் தர விதிப்படி ஓர் உயர்நிலைப் பள்ளி ஆண்டுதோறும் 38 பாட அலகுகளை நடத்த வேண்டும். வகுப்புக்கு இருபது பிள்ளைகள் மட்டும் இருக்கும் பள்ளியில் இயற்பியலுக்கு ஒருவர், வேதியியலுக்கு ஒருவர், வெளிநாட்டு மொழிக்கு ஒருவர் என்று வைப்பது கஷ்டம்தான்.

2003 டிசம்பரில் சிறப்புக் கூட்டத்தொடர் தொடங்கியது. அதில் நல்ல சட்டங்கள் வந்தன என்பதை மறுக்க முடியாது. மாணவர் ஒருவருக்கு 5,400 டாலர் அடிப்படை நிதி என்று முடிவானது. ஏழைப் பிள்ளைகள் அதிகமாக இருக்கும் மாவட்டங்களுக்குக் கூடுதல் தொகை: இலவச, சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் 480 டாலர், அத்தகைய பிள்ளைகள் 70 சதவீதத்தைத் தாண்டினால் தலைக்கு 960, 90 சதவீதத்தைத் தாண்டினால் 1,440. விற்பனை வரி 5.125 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக உயர்ந்தது. மாநில வருவாய் குறைந்தால் மற்றத் துறைகளில் வெட்டியாவது பள்ளிக்கான பணத்தை முதலில் ஒதுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. இவை அத்தனையும் லேக் வியூ வழக்கின் கனிகள். மாநிலத்தின் ஒவ்வொரு பிள்ளையும் அவற்றைச் சாப்பிட்டது.

அதே கூட்டத்தொடரில்தான் சட்டம் 60-உம் வந்தது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் சராசரி மாணவர் எண்ணிக்கை 350-க்குக் கீழே இருந்தால் அந்த மாவட்டம் வேறொன்றோடு இணைய வேண்டும். தானாக இணையாவிட்டால் மாநிலக் கல்வி வாரியம் இணைத்துவிடும். ஆளுநருக்கு 350 மிகக் குறைவாகத் தோன்றியது. அவர் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்து இல்லாமலே அது சட்டமாகிவிட்டது. 350 என்ற எண்ணும் புதிதல்ல. 1948-இல் ஆர்கன்சா மக்கள் நேரடி வாக்கெடுப்பில் 350 மாணவருக்குக் குறைவான மாவட்டங்களைக் கலைக்க ஒப்புக்கொண்டார்கள்; 1,589 ஆக இருந்த மாவட்டங்கள் 424 ஆகக் குறைந்தன. குதிரை வண்டிக் காலத்தின் எச்சங்களைக் கணக்கெடுக்க வைத்திருந்த அளவுகோல், அரை நூற்றாண்டு கழித்து மறுபடியும் வெளியே வந்தது.

பட்டியல் வெளியானது. அதில் லேக் வியூவின் பெயர் இருந்தது. 2004-இல் அது பார்ட்டன்-லெக்சா மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் வழக்காடி மாநிலம் முழுவதற்கும் பணம் வாங்கிக்கொடுத்த மாவட்டம், அந்தப் பணம் வந்து சேரத் தொடங்கிய அதே ஆண்டில் இல்லாமல் போனது. 1,440 டாலர் வீதம் கூடுதல் நிதி கிடைத்திருந்தால் அந்தப் பள்ளி என்ன செய்திருக்கும் என்று சோதித்துப் பார்க்க ஓர் ஆண்டு அவகாசம்கூட அதற்குக் கிடைக்கவில்லை. லேக் வியூவின் பிள்ளைகள் சேர்ந்த மாவட்டம் பணக்கார மாவட்டமும் அல்ல. நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இரண்டே கழிவறைகள், நான்கே தடுப்பறைகள் என்று அதே தீர்ப்பில் பார்ட்டன் தொடக்கப் பள்ளியும் இடம்பெற்றிருக்கிறது. கறுப்பினத்தவர் நடத்திய மாவட்டங்களை இந்தச் சட்டம் குறிப்பாகப் பாதித்தது என்று லேக் வியூ மக்கள் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை.

மாநிலத்தில் 308 ஆக இருந்த மாவட்டங்கள் 250 சொச்சமாகக் குறைந்தன. நீதிமன்ற வழக்கு 2007 வரை நீண்டது; 2005-இல் சட்டமன்றம் அடிப்படை நிதியை உயர்த்தாமல் விட்டபோது நீதிமன்றம் மறுபடியும் தலையிட வேண்டியிருந்தது. மாவட்டங்களை இணைத்து முடித்த பிறகும் பணப் பிரச்சினை தீரவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

சரி, இணைத்தால் செலவு குறையுமா? சில செலவினங்களில் குறையும். ஒரு கண்காணிப்பாளருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 பிள்ளைகள் உள்ள மாவட்டத்தில் தலைக்கு 333 டாலர் அவர் சம்பளத்துக்கே போகிறது. 600 பேர் என்றால் 167. தணிக்கை, காப்பீடு, கணக்கு எழுதுபவர், கணினி நிர்வாகம் எல்லாவற்றிலும் இதே கதை. நியூயார்க் மாநிலக் கிராமப்புற மாவட்டங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள் வில்லியம் டன்கம்பும் ஜான் யிங்கரும், மிகச் சிறிய இரண்டு மாவட்டங்கள் இணையும்போது கணிசமான சேமிப்பு உண்டு என்றும், மாவட்டங்கள் பெரிதாகப் பெரிதாக அந்தச் சேமிப்பு சுருங்குகிறது என்றும் கண்டார்கள். ஆகவே 'இணைப்பால் எதுவும் மிச்சமாகாது' என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை.

ஆனால் மறுபக்கத்தில் மூன்று செலவுகள் ஏறும். முதலாவது பேருந்து. பள்ளி மூடப்பட்டால் ஓட்டும் தூரம் கூடும். டீசல், ஓட்டுநர், தேய்மானம் எல்லாம் கூடும். இரண்டாவது சம்பளம். இரண்டு மாவட்டங்களின் சம்பளப் பட்டியல்கள் வேறாக இருந்தால் இணைந்த மாவட்டம் பெரும்பாலும் உயர்ந்த பட்டியலுக்குத்தான் போகும். யாருடைய சம்பளத்தையும் குறைப்பது எளிதல்ல. ஆசிரியர்களுக்கு அது நியாயம்தான், ஆனால் சேமிப்புக் கணக்கில் அதைக் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். மூன்றாவது கட்டடம். கூடுதல் பிள்ளைகளை வாங்கும் பள்ளியில் வகுப்பறை போதாவிட்டால் கட்ட வேண்டும். அதற்குக் கடன் பத்திரம், அதற்கு மில், அந்த மில் உங்கள் வரிச் சீட்டில்.

பிள்ளைகளின் நேரத்துக்கு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் பத்தி இல்லை. ஆர்கன்சாவில் நான் இருந்தபோது ஒரு சிறு ஊரில் இணைப்பு பற்றிய பொதுக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். பள்ளி உணவுக்கூடத்தில் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அதிகாரி திரையில் வட்டவரைபடங்களைக் காட்டிப் பேசி முடித்தார். பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்தார். பேரனை வளர்ப்பவர். அவர் பணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "என் பேரன் எத்தனை மணிக்குப் பேருந்து ஏற வேண்டும்? ஆட்டப் பயிற்சிக்கு நின்றால் எதில் வீட்டுக்கு வருவான்? எனக்குக் கார் இல்லை" என்றார். அதிகாரி நல்லவர்தான், மழுப்பாமல், வழித்தடம் இன்னும் வரையவில்லை என்று ஒப்புக்கொண்டார். வழித்தடம் வரையாமலே சேமிப்புத் தொகை மட்டும் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று யாரோ கேட்டார்கள். அதற்கு அந்தக் கூட்டத்தில் பதில் வரவில்லை. ஆறு வயதுப் பிள்ளை விடியுமுன் எழுந்து இருட்டில் சாலையோரம் நிற்பது, மாலையில் கணித மன்றத்துக்கோ இசைக்குழுவுக்கோ தங்க முடியாமல் முதல் பேருந்தில் திரும்புவது, கார் இல்லாத பெற்றோர் ஆசிரியரைப் பார்க்க வர முடியாமல் போவது ஆகிய மூன்றும் கல்வியின் தரத்தைச் சேர்ந்தவைதான்.

இணைத்ததும் பிரச்சினை ஒரேயடியாகத் தீர்ந்துவிடும் என்பதும் நடக்கவில்லை. அதே பிலிப்ஸ் கவுன்டியில் எலெய்ன் மாவட்டம் 2006-இல் மார்வெல் மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. மக்கள் தொடர்ந்து வெளியேறியதால் இணைந்த மார்வெல்-எலெய்ன் மாவட்டமும் 350-க்குக் கீழே இறங்கியது. 2023-இல் அதன் நிர்வாகமே வெளி அமைப்பொன்றிடம் ஒப்பந்தத்தில் விடப்பட்டது. இதற்கிடையில், நன்றாக நடக்கும் சிறிய மாவட்டங்களுக்கு விலக்குத் தரலாம் என்று 2015-இல் மாநிலமே சட்டத்தைத் தளர்த்தியிருந்தது. 350 என்ற எண் கல்வியை அளக்கும் அளவுகோல் அல்ல என்பதை மாநிலம் பதினோரு ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். அதற்குள் லேக் வியூ போய்விட்டது.

வெர்மான்ட் மாநிலத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம், ஏனென்றால் அங்கே வேலை வேறு வரிசையில் நடந்தது. 1997 பிப்ரவரியில் பிரிகம் வழக்கில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் நிதி முறையைச் செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் எண்ணும் 60. வெர்மான்டின் சட்டம் 60 பணத்தைப் பற்றியது: பள்ளிக்கான சொத்து வரியை மாநிலம் தழுவியதாக்கி, பணக்கார ஊரின் வரி ஏழை ஊருக்கும் போகும்படி செய்தது. மாவட்ட இணைப்பு பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2015-இல் சட்டம் 46 மூலம் வந்தது. அதிலும் முதலில் ஊக்கத்தொகைதான். விரைந்து இணையும் மாவட்டங்களுக்கு முதலாண்டு வரி விகிதத்தில் 10 சென்ட் குறைப்பு, பிறகு 8, 6, 4, 2 என்று ஐந்தாண்டுகளுக்கு. முடிவில் 2018 நவம்பரில் மாநில வாரியம் சில ஊர்களைக் கட்டாயமாகவும் இணைத்தது. அந்த மனக்கசப்பு இன்னும் ஆறவில்லை. 2025-இல் வந்த சட்டம் 73, 4,000 முதல் 8,000 மாணவர்கள் கொண்ட மாவட்டங்களைப் பற்றிப் பேசுகிறது. முழு வெற்றி என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் பணத்தைச் சமன்செய்து, அது வேலை செய்ய நேரம் கொடுத்து, அதன் பிறகு அளவைப் பற்றிப் பேசியது சரியான வரிசை. நீரை ஊற்றிப் பார்க்காமல் செடியைப் பிடுங்கி நட்டது ஆர்கன்சா.

இனி உங்கள் வாக்கு. உங்கள் மாவட்டம் எந்த மாநிலம் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆகவே ஆம், இல்லை என்று நான் சொல்வது நேர்மையாகாது. இணைப்பை நான் ஆதரிக்கும் சூழ்நிலை உண்டு. பக்கத்துப் பள்ளி இருபது நிமிடத் தொலைவுக்குள் இருந்து, உங்கள் பள்ளியில் இல்லாத பாடங்கள் அங்கே உண்மையிலேயே நடந்து, தொடக்கப் பள்ளியாவது ஊரிலேயே நீடிக்கும் என்று எழுத்தில் இருந்தால் நான் ஆதரிப்பேன். கண்காணிப்பாளர் ஒருவராக, பள்ளிகள் இரண்டாக இருப்பதற்குத் தடை எதுவும் இல்லை. நிர்வாகத்தை இணைப்பதும் பள்ளியை மூடுவதும் ஒன்றல்ல. பேச்சுவாக்கில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள், நீங்கள் பிரித்துக் கேளுங்கள்.

கூட்டத்தில் கேட்க வேண்டியவை என்று எனக்குப் படுவதைச் சொல்கிறேன். இணைந்த பிறகு மாநிலம் தரும் ஊக்கத்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு, அது நின்றபின் வரி என்னவாகும்? பக்கத்து மாவட்டத்துக்குக் கடன் பாக்கி இருக்கிறதா, இருந்தால் அதை அடைக்கும் மில்லை நீங்களும் கட்டுவீர்களா? புதிய வாரியத்தில் உங்கள் ஊருக்கு எத்தனை இடம், அது எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி? ஏழு பேர் வாரியத்தில் உங்கள் ஊருக்கு இரண்டு இடம் என்றால், பள்ளியை மூடும் தீர்மானம் ஐந்துக்கு இரண்டில் நிறைவேறும். அந்த எண்ணிக்கையை இப்போதே போட்டுப் பாருங்கள், பிறகு போட்டுப் பயனில்லை. ஒரு பள்ளியை மூடுவதற்கு அந்த ஊர் மக்களின் வாக்கு வேண்டும் என்ற விதியை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பல ஊர்கள் அப்படிக் கேட்டு வாங்கியிருக்கின்றன. மாநிலம் தரும் அடிப்படை நிதி கடைசியாக எப்போது ஆராய்ந்து நிர்ணயிக்கப்பட்டது என்றும் கேளுங்கள். அந்தத் தொகையே குறைவாக இருந்தால், இரண்டு ஏழை மாவட்டங்களைச் சேர்த்துக் கிடைப்பது ஒரு பெரிய ஏழை மாவட்டம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பேருந்து வழித்தட வரைபடத்தைக் கேளுங்கள். முதல் நிறுத்தத்தில் ஏறும் பிள்ளை எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும் என்று எழுதிய வரைபடம். அதைத் தர முடியாது என்றால் வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கத் தொடங்குங்கள்.